தேரூர்க் குளத்து விருந்தாளிகள்!

மார்கழி வந்தால் சுசீந்திரத்தில் தேர்த் திருவிழாக் கூட்டம். அதே நாட்களில் பக்கத்துத் தேரூரிலும் ஒரு கூட்டம் கூடுகிறது. வருபவை பறவைகள்!

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ம் ஆண்டு பிறந்த ஊர் இது. காலை வெயில் ஏறுமுன் குளக்கரையில் நடந்து பாருங்கள். தொலைவில் மருந்துவாழ் மலை. தாமரை இலைகள் மீது இலைக்கோழி நடை பயில்கிறது. அப்பால் மிதப்பவை ஊசிவால் வாத்துகள், நீலச்சிறகிகளும் உண்டு. ஆசியாவின் வடகோடியில் ஏரிகள் உறையும்போது புறப்பட்டு வந்தவை இவை.

நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே மார்கழியில் குளத்தில் நீர் இருக்கிறது. நீரில் இரையும் இருக்கிறது.

ஆனால் இந்தக் குளம் தானாக உண்டானதல்ல. நெல் வயலுக்காக நம் முன்னோர் கரை கட்டித் தேக்கியது. அந்த வயல்கள் இன்று தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறி வருகின்றன. பாசனத்துக்கு நீர் கேட்க ஆளில்லாவிட்டால், மடையையும் வாய்க்காலையும் கவனிப்பவர் யார்?

2022-ம் ஆண்டு சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் ராம்சர் எனும் உலகப் பட்டியலில் இடம்பெற்றன. பெருமைதான்! ஆனால் குளத்துக்குத் தண்ணீர் கொண்டு வருவது பட்டியல் அல்ல, வாய்க்கால். அது தூராமல் இருந்தால், அடுத்த மார்கழியிலும் விருந்தாளிகள் வருவார்கள்.