ஓரிரவு மலரும் தூண்கள்ளி: வீட்டில் வளர்ப்பதும் பெருக்குவதும்

நீரிழிவுக்காக எங்கள் பிரிவுக்கு வருவோர், மருந்துக்கும் உணவுக்கும் அடுத்தபடியாக அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் ஒன்று, வீட்டில் செடி வளர்க்கலாமா என்பதாகும். வளர்க்கலாம், வளர்ப்பது நன்று. ஆனால் நாள்தோறும் நீரூற்றவும் குனிந்து களையெடுக்கவும் எல்லோராலும் இயலுவதில்லை. மருத்துவமனையில் சில நாள் தங்க நேர்ந்தால் செடி வாடிவிடுமே என்ற கவலையும் பலருக்கு உண்டு. அத்தகையோருக்கு ஏற்ற செடி ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுதுகிறோம். அதற்கு முள் உண்டு. ஆகவே நீரிழிவு உடையோர் அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எந்தக் கள்ளி?

தூண்போல் நிமிர்ந்து வளரும் இக்கள்ளியை நாற்றுப்பண்ணைகளில் ‘செரியஸ்’ என்று கேட்டால் தருவார்கள். இலத்தீன் மொழியில் அச்சொல் மெழுகுத்திரியைக் குறிக்கும். தாயகம் தென் அமெரிக்கா. தண்டு நீலம் கலந்த பச்சை நிறமானது. நெடுக விளிம்புகள் ஓடும். நிலத்தில் நட்டால் 5 மீட்டரையும் தாண்டி வளரும். தொட்டியில் அத்தனை உயரம் போகாது.

நம் ஊர் வேலிகளில் காணும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை ஒடித்தால் வெண்மையான பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழி கடுமையாகப் புண்படும்; பார்வையே பாதிக்கப்படலாம். செரியஸின் தண்டை வெட்டினால் பால் வராது. நிறமற்ற, வழவழப்பான நீரே கசியும். முட்களும் பஞ்சு போன்ற சிறு புள்ளிகளிலிருந்து கொத்தாக முளைத்திருக்கும். எது என்று ஐயமிருந்தால் வெட்ட வேண்டாம். தவறிக் கள்ளிப்பால் கண்ணில் தெறித்துவிட்டால், உடனே தூய நீரால் 20 நிமிடமேனும் இடைவிடாமல் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டு வைத்தியம் எதையும் கண்ணில் ஊற்றக் கூடாது.

இரவில் மூச்சுவிடும் செடி

பெரும்பாலான செடிகள் பகலில் தம் துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்வாங்குகின்றன. அப்போது நீரும் ஆவியாகிவிடுகிறது. கள்ளி அவ்வாறு செய்வதில்லை. வெயில் தணிந்த இரவில் துளைகளைத் திறந்து வாயுவை அமிலமாக மாற்றிச் சேமிக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததைக் கொண்டு உணவு சமைக்கிறது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் நாவால் கண்டறிந்தார். அக்குறிப்பு 1815-இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அச்சானது. கள்ளிகளிலும் நிகழ்வது இதே வினைதான். சில வாரங்கள் நீரின்றியும் செரியஸ் தாங்கி நிற்பதற்கு இதுவும், தண்டில் சேர்த்துவைக்கும் நீரும் காரணம்.

தொட்டி, மண், நீர்

கனமான மண் தொட்டியே சிறந்தது. உயர்ந்து வளரும் செடி இலேசான பிளாஸ்டிக் தொட்டியைச் சாய்த்துவிடும். அடியில் நீர் வடியும் துளை கட்டாயம் வேண்டும். செம்மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது சிறு சரளை ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு என்ற கலவை போதும். களிமண் கூடாது.

நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேரம் வெயில் கிடைக்கும் மொட்டைமாடியோ முற்றமோ இதற்கு ஏற்ற இடம். நிழலில் இருந்த செடியைத் திடீரென்று கோடை வெயிலில் வைத்தால் தண்டு வெளுத்துப் பொசுங்கும். இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஒரு குச்சியை மண்ணில் செருகிப் பார்த்து, ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டும் நீர் விடுங்கள். கோடையில் வாரம் ஒரு முறை போதும்; மழைக்காலத்தில் பெரும்பாலும் தேவையே இராது. செரியஸ் சாவது தாகத்தால் அன்று, பெரும்பாலும் நீர் மிகுதியால்தான். அடித்தண்டு மஞ்சளித்து, தொட்டால் அமுங்கினால், அது அழுகலின் அறிகுறி. தொட்டிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் அதில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு அது போதும்.

ஒரு தண்டிலிருந்து பல செடிகள்

பெருக்குவதற்கு எளிய வழி, தண்டை வெட்டி நடுவது. மழை ஓய்ந்த பின், மாசி முதல் சித்திரை வரையிலான காலம் உகந்தது. தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பழைய செய்தித்தாளைப் பலமுறை மடித்துப் பட்டைபோல் தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்த கூரிய கத்தியால் ஓர் அடி நீளத் துண்டை வெட்டுங்கள். தாய்ச் செடியில் வெட்டுவாய் சற்றுச் சரிவாக இருந்தால் மழைநீர் தேங்காது. வெட்டிய இடத்துக்குக் கீழே பின்னர் புதுக் கிளைகள் தோன்றும்.

வெட்டிய துண்டை உடனே நடக் கூடாது. காற்றோட்டமுள்ள நிழலில், நிமிர்த்தி, இரண்டு வாரம் வைத்திருங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல்போல் இறுகும். அதன் பிறகு, எந்த முனை கீழிருந்ததோ அந்த முனையே கீழாக, மூன்று விரற்கடை ஆழத்தில் நட்டு, குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள். மேலும் ஒரு வாரம் கழித்தே முதல் நீர். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்திருக்கும். இலேசாக அசைத்தால் துண்டு அசையாது நிற்பதே அடையாளம்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் மலரக் காண ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டும். முதிர்ந்த செடியின் துண்டு அதைவிட விரைவில் பூக்கும்.

மலரும் கனியும்

மொட்டு சில வாரங்கள் வளர்ந்து, ஒரு மாலை இருட்டியபின் விரியும். உள்ளங்கையைவிடப் பெரிய வெண்மலர்; மறுநாள் வெயில் ஏறுமுன் கூம்பிவிடும். தாயகத்தில் அந்துப்பூச்சிகள் முதலிய இரவு உயிர்கள் மகரந்தம் சேர்க்கின்றன. பொதுவாக ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் காய்பிடிப்பதில்லை. ஒரே தாயிலிருந்து வெட்டிய துண்டுகளும் ஒரே செடியாகவே கருதத்தக்கவை. ஆகவே கனி வேண்டுமானால், வேறு தாய்ச் செடியிலிருந்து வந்த ஒன்றின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து அதே இரவில் தடவ வேண்டும். கனிக்கு முள் இல்லை. உள்ளே வெண்சதையும் கறுப்பு விதைகளும் இருக்கும். இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில் இதனைப் பழப்பயிராகவே வளர்க்கின்றனர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம்: கனி இனிப்பானது, உங்கள் உணவுக் கணக்கில் அதுவும் ஒரு பழமே. தண்டோ பூவோ நீரிழிவுக்கு மருந்தன்று. தோற்றத்தில் இதனை ஒத்த ‘சான் பெத்ரோ’ என்னும் தூண்கள்ளியில் மனத்தை மயக்கும் மெஸ்கலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. யாரேனும் சொன்னார்கள் என்று எந்தக் கள்ளியையும் அரைத்துக் குடிக்காதீர்கள்.

முள்ளும் பாதமும்

நீண்ட நாள் நீரிழிவில் பாதத்தின் உணர்வு குறைந்துவிடுகிறது. முள் தைத்தாலும் வலிக்காது. வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை. முள் தங்கிய இடம் சீழ்பிடித்து, எலும்புவரை பரவிய பின்னரே காலைத் தூக்கிக்கொண்டு வருவோர் உண்டு. அந்நிலையில் விரலைக் காப்பதே கடினமாகிவிடுகிறது. எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

செடியருகே செல்லும்போது மூடிய காலணி அணியுங்கள். தொட்டியை நடைவழியிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வைக்காதீர்கள். வெட்டும் வேலையையும் தொட்டி தூக்கும் வேலையையும் வீட்டில் இளையோரிடம் விடுங்கள். முடிந்ததும் தரையைப் பெருக்கச் சொல்லுங்கள். இரவில் படுக்கும் முன் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும், கண்ணாடி வைத்து உள்ளங்கால்களையும் பாருங்கள். பார்வை மங்கியோருக்கு வீட்டார் பார்க்கட்டும்.

கையில் தைத்த முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் எடுத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். ஊசியாலோ பிளேடாலோ தோண்ட வேண்டாம். பாதத்தில் தைத்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே வாருங்கள். இரணஜன்னித் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்றும் பார்ப்போம். மூட்டருகே முள் தைத்துப் பின்னர் வீங்கினாலும் காத்திருக்க வேண்டாம். செடியின் வெட்டுவாய் உலர வேண்டும் என்றோம். அதைப் பார்த்து உங்கள் புண்ணையும் திறந்து வெயிலில் காயவிடாதீர்கள். மனிதப் புண்ணுக்கு முறையான கட்டுத் தேவை.

உறுப்புமாற்றுச் சிகிச்சை பெற்றோரும் புற்றுநோய் மருந்து எடுத்துக்கொள்வோரும் மண்ணைக் கிளறும் முன் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்தால் இது நெடுங்காலம் உடனிருக்கும் செடி. மொட்டு கட்டியிருப்பதைக் கண்டால் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். மலரும் இரவில் கண்விழித்துப் பார்ப்பதில் தவறில்லை. இரவு உணவையும் இன்சுலினையும் மட்டும் உரிய வேளையில் முடித்துக்கொண்டு, காலணி அணிந்து மாடிக்குச் செல்லுங்கள்.