லவனம் தேவாலயத்தின் புறச்சுவர்: ஒரு சமூகவியல் நோக்கு

கட்டடக் கலையை, அதனைத் தோற்றுவித்த உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து நோக்கும் மரபு நெடுநாளையது. இங்கிலாந்தின் சஃபொக் பகுதியிலுள்ள லவனம் என்னும் சிற்றூரின் பங்குத் தேவாலயம், அந்நோக்கின் போதாமையை உணர்த்தத் தக்கதொரு சான்றாகும்.

அதனை வெளியே நின்று நோக்கும்போது முதலிற் புலப்படுவது அளவின் முரண்பாடே. கிழக்கேயுள்ள பலிபீடப் பகுதி 14ஆம் நூற்றாண்டுக்குரியது; தாழ்ந்தது. அதனை ஒட்டிப் பெருஞ்சாளரங்களுடன் எழும் மத்திய கூடமும், மேற்கே 141 அடி உயர்ந்து நிற்கும் கோபுரமும் ஏறத்தாழ 1485க்கும் 1525க்கும் இடைப்பட்டவை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பக்திப் பெருக்கு மட்டுமன்று. கம்பளித் துணி வணிகமுமாகும்.

சஃபொக்கிலே நல்ல கட்டடக்கல் அரிது. உள்ளூர்த் தீக்கல்லே சுவரின் உடல். அணிவேலைகளுக்குரிய சுண்ணக்கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவருதல் வேண்டும். ஆகவே செதுக்குவேலை எங்கு மிகுகின்றதோ அங்கு பணமும் மிகுந்தது எனக் கொள்ளலாம். கோபுரத்தின் அடிப்பீடத்திலே ஒக்ஸ்ஃபோட் பிரபுவான ஜோன் டி வியரின் நட்சத்திரச் சின்னத்தையும், துணி வணிகரான ஸ்பிறிங் குடும்பத்தின் வணிகக் குறியையும் காண்கிறோம். துணிப் பொதியிலே இடும் குறி, நிலப்பிரபுவின் குலச்சின்னத்தோடு ஒரே சுவரில் இடம்பெறுகின்றது! கோபுர உச்சியிலோ அவ்வணிகர் தாமே குலச்சின்னம் உடையோராகிவிடுகின்றனர். நிலமானிய அமைப்பினுள் வணிக மூலதனம் பெற்ற ஏற்றத்தை இதனிலும் தெளிவாகக் கூறும் ஆவணங்கள் சிலவே.

1523இல் இறந்த தோமஸ் ஸ்பிறிங், கோபுரத்தை நிறைவுசெய்ய 200 பவுண் விட்டுச்சென்றார். அவர் குடும்பச் சிற்றாலயத்தின் வெளிச்சுவரிலே, அவருக்காகவும் மனைவி அலிசுக்காகவும் மன்றாடுமாறு வேண்டும் இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள ஆண்டு 1525.

அவ்வாண்டு மனங்கொளத்தக்கது. பிரான்சுடனான போருக்கென, பாராளுமன்ற ஒப்புதலின்றி, 'நட்புக் கொடை' என்னும் பெயரால் எட்டாம் ஹென்றியின் அரசு வரி கோரியது. துணி முதலாளிகள் இனி வேலை கொடுக்க இயலாதெனக் கைவிரித்தனர். நெசவாளரும் பிற துணித் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் லவனத்திலே திரண்டனர். ஈற்றில் அரசு வரியைக் கைவிட நேர்ந்தது. கோவில் மணியோசையே கிளர்ச்சிக்கான அழைப்பாக இருந்ததென்றும், செல்வர் ஒருவர் அம்மணிகளின் நாக்குகளை முன்கூட்டியே அகற்றிவிட்டாரென்றும் அக்காலக் குறிப்பொன்று கூறுகின்றது. மணிக்கோபுரத்தை எழுப்பியது துணிப் பணம். துணி நெய்தோர் அதனைத் தமக்காக ஒலிக்கச்செய்ய முயன்றபோது மணி ஒலிக்கவில்லை.