பூஜ்யத்தில் நிற்க வேண்டிய முள்

ஓடுகிற ரயிலின் வேகத்தைப் பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே சொல்ல இன்று கைப்பேசி போதும். அது வராத காலத்தில் எங்களுக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று, பாதையோரம் நட்டிருக்கும் கிலோமீட்டர் கல். மற்றொன்று, நொடியை நிறுத்தி அளக்கும் கடிகாரம். ஒரு கல்லைத் தாண்டும்போது பொத்தானை அழுத்தினால் முள் புறப்படும். அடுத்த கல்லில் அழுத்தினால் நின்றுவிடும். 3600-ஐ அந்த நொடிக் கணக்கால் வகுத்தால் வண்டியின் வேகம் கிடைக்கும். 36 நொடி என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். 30 நொடி என்றால் 120.

இந்த வசதியைக் கைக்கடிகாரத்துக்குள்ளேயே அடக்கியதுதான் குரோனோகிராஃப். நேரம் காட்டும் முட்களோடு, நடுவில் மெல்லிய நீண்ட நொடி முள் ஒன்று 12-ஐப் பார்த்துச் சும்மா நிற்கும். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் அது ஓடும். இரண்டாவது பொத்தான் அதை ஒரே துள்ளலில் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தும். நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றிலும் அப்பா, தாத்தா காலத்துக் குரோனோகிராஃப் அலமாரியில் பட்டுத்துணிக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதை எழுப்ப நினைக்கும் அன்பர்களுக்காகவே இக்கட்டுரை.

இந்தப் பெயருக்குப் பொருள் 'காலத்தை எழுதுவது' என்பதாகும். 1821-ல் பாரிஸ் நகரத்துக் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலாஸ் ரியூசெக் என்பவர் பயன்படுத்திய கருவி உண்மையிலேயே எழுதியது. குதிரை எல்லையைத் தொட்டதும் சுழலும் டயலின்மீது ஒரு துளி மை வைக்கும். ஓடிய முள்ளைத் தொடக்கப் புள்ளிக்குத் திருப்பும் வழி பிறகுதான் வந்தது. 1844-ல் அடால்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாடு இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. முள் செருகியிருக்கும் அச்சில் இதய வடிவத்தில் ஒரு சிறு தகடு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் அதன் ஓரத்தில் வந்து மோதும். இதயம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் வழுக்கிச் சுழன்று, அதன் பள்ளம் சுத்தியலுக்கு நேராக வந்ததும் நின்றுவிடும். அந்த இடம்தான் பூஜ்யம்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பூஜ்யத்துக்குத் திரும்புவது அச்சுதான், முள் அல்ல. முள் அந்த அச்சின் முனையில் வெறும் இறுக்கத்தால் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. திருகு கிடையாது, ஆணி கிடையாது. பிடிப்பு சற்றே தளர்ந்தாலும், அச்சு திரும்பிய வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் முள் வழுக்கி வேறிடத்தில் நின்றுவிடும். உள்ளே இயந்திரம் சத்தியம் பேசும், வெளியே முள் பொய் சொல்லும்.

என் சகலையின் வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. அவர் தந்தையார் 1960-களில் கல்கத்தாவில் வாங்கிய சுவிஸ் குரோனோகிராஃப் அது. நடுமுள் எப்போதோ ஒடிந்து தொலைந்துவிட்டது. நகரத்தில் ஒரு கடையில் கொடுத்துப் புது முள் போட்டு வாங்கி வந்தார். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் பூஜ்யப் பொத்தானை அழுத்தினால் ஒரு தடவை 2-வது நொடிக் கோட்டில் நிற்கும், அடுத்த தடவை 3-ல் நிற்கும். "பழைய வாட்ச், இவ்வளவுதான் வரும்னு சொல்லிட்டாங்க அண்ணா. ரெண்டு நொடிதானே, போகட்டும்" என்றார்.

இரண்டு நொடி என்பது சின்ன விஷயமா? ஒரு கிலோமீட்டரை 36 நொடியில் கடக்கும் வண்டியை அந்த முள் 38 என்று காட்டினால், 100 கிலோமீட்டர் வேகம் கணக்கில் 95-க்குக் கீழே போய்விடும். 130-ல் போகும் வண்டியை 121 என்று எழுதுவோம். வேகக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் 20-ல் ஊர்ந்தால் அதே பிழை கால் கிலோமீட்டர்கூட இராது. வேகம் ஏற ஏறத் தவறும் பெருகும். இப்போது அந்தக் கடிகாரத்தால் யாரும் ரயிலை அளக்கப் போவதில்லைதான். ஆயினும் அளப்பதற்கென்றே செய்த பொருள் தவறாக அளந்தால், அது கையில் கட்டிய நகையே தவிரக் கருவி ஆகாது.

அவரை அழைத்துக்கொண்டு பெஹாலாவிலிருந்து பஸ் பிடித்து லால்பஜார் பக்கத்திலுள்ள ராதாபஜார் தெருவுக்குப் போனேன். அங்கே இருபுறமும் கடிகாரக் கடைகள்தாம். சந்து ஒன்றில் மேஜை விளக்கடியில் ஒரு பெரியவர் வேலை செய்கிறார். எல்லோருக்கும் அவர் 'தாதா'. வங்காளத்தில் அண்ணன் என்று பொருள். அவர் வயதுக்கு நம் ஊர்த் 'தாத்தா'வும் பொருந்தும்! பொத்தானை நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தவறாக நின்றால், மாட்டிய கோணம் தப்பு. இடம் மாறி மாறி நின்றால் பிடிப்பு இல்லை என்று அர்த்தம்" என்றார். முள்ளைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் எங்களுக்கும் காட்டினார். முள்ளின் அடியில் உள்ள குழல் அச்சைவிடப் பெரிது. அதை மறைக்கப் பசை வைத்திருந்தார்கள். பசை உதிர்ந்து டயலுக்குள் இறங்கினால் கடிகாரமே நின்றுபோகும்.

முள் வாங்குவது வளையல் வாங்குவதைப் போல. நீளமும் நிறமும் பொருந்தினால் போதாது, துளை பொருந்த வேண்டும். ஈட்டா 2824 என்னும் பரவலான மூன்று முள் சுவிஸ் இயந்திரத்தில் மணி முள்ளின் துளை 1.50 மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.90, நொடி முள்ளுக்கு வெறும் 0.25. குரோனோகிராஃப் வகைகளில் அளவுகள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எனவே டயலில் உள்ள கம்பெனிப் பெயரைச் சொல்லி முள் கேட்பது வீண். பின்மூடியைத் திறந்து உள்ளே உள்ள இயந்திரத்தின் எண்ணைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். துளை சற்றுச் சிறிதாக இருந்தால் நுண்ணிய துருவியால் பக்குவமாகப் பெருக்கலாம். பெரிதாக இருந்தால் குழலைச் சுற்றிலும் சமமாக அழுத்திச் சுருக்குவது உண்டு. அதற்கும் எல்லை உண்டு. பசை மட்டும் கூடவே கூடாது. முள்ளின் எடையும் முக்கியம். மூல முள்ளைவிடக் கனமானதைப் போட்டால், பூஜ்யத்துக்குத் துள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த உதறலில் பிடிப்பு தளரும்.

தாதா ஒரு பழைய டப்பாவைத் துழாவிப் பொருத்தமான முள்ளை எடுத்தார். பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மணி முள், அதன்மேல் நிமிட முள். இரண்டும் சரியாக 12-ல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும்படி மாட்டினார். 6 மணிக்கு ஒரே நேர்கோடாகவும், 3-க்கும் 9-க்கும் செங்கோணமாகவும் வருகிறதா என்று சாவியைத் திருப்பிச் சோதித்தார். பிறகு சிறு வட்டங்களின் முட்கள். நடுமுள் கடைசியில்தான். அதற்குமுன் பூஜ்யப் பொத்தானை அழுத்திவிட்டார். அந்த நிலையில் சுத்தியல் இதயத்தை விடாமல் பிடித்திருக்கும், அச்சு அசையாது. இயந்திரத்துக்கு அடியில் தாங்கல் கொடுத்து, முள்ளை 12-ன் கோட்டுக்கு நேராக வைத்து, மேலிருந்து செங்குத்தாக ஒரே அழுத்து. தாங்கல் இல்லாமல் அழுத்தினால் அச்சைத் தாங்கும் கல் உடையலாம். முள்ளுக்கு முள் இடைவெளி இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டார். கடைசியாக ஓட்டுவதும் நிறுத்துவதும் திருப்புவதுமாக இருபது முறை. இருபது முறையும் முள் 12-லேயே நின்றது. சகலை ஒன்றும் பேசவில்லை. தந்தையாரின் கடிகாரத்தைக் கையில் வாங்கி, தாமே ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

நம் வீட்டுக் கடிகாரத்தைப் பழுதுக்குக் கொடுக்கும்போது நான்கு காரியங்களை மறக்காதீர்கள். திரும்ப வாங்குமுன் கடையிலேயே பத்து முறையாவது பூஜ்யப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அதை அழுத்த வேண்டாம். முதலில் நிறுத்தி, பிறகே திருப்ப வேண்டும். ஓடும் முள்ளைத் திருப்பவென்றே செய்த வகைகள் சில உண்டு, அவை வேறு. மூன்றாவதாக, புறப்படும்போது முள் இலேசாக உதறினால் அது முள் மாட்டியவரின் பிழையன்று. பல பழைய இயந்திரங்களில் பற்சக்கரங்கள் கோத்துக்கொள்ளும் விதம் அப்படி. நான்காவதாக, கழற்றிய பழைய முட்களை ஒரு சிறு பொட்டலத்தில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் மூல முள்ளின் அளவு தெரிய அதுவே சாட்சி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1960-களுக்கு முந்தைய கடிகாரங்களில் இருட்டில் ஒளிரும் முட்களுக்குப் பெரும்பாலும் ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். இப்போது ஒளி போயிருக்கும். ஒளிர்ந்த பொருள்தான் செத்துவிட்டது, ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் வீரியம் பாதியாகவே 1600 ஆண்டுகள் ஆகும். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி அந்தப் பூச்சைப் பூசிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் பலர் 1920-களில் எலும்பு அரித்து மாண்டார்கள். கண்ணாடி மூடிய கடிகாரத்துக்குள் இருக்கும்வரை தூள் வெளியே வராது. வீட்டில் அதைத் திறக்கவோ பூச்சைச் சுரண்டவோ வேண்டாம். குழந்தைகள் கையில் அந்த முட்கள் போகவே கூடாது. பழுது பார்ப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெங்களூரில் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961-ல் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. நம் நாட்டுக் கடிகாரங்களுக்கே உதிரி பாகம் தேட வேண்டிய காலம். வெளிநாட்டுக் குரோனோகிராஃபுக்குக் கேட்கவே வேண்டாம். தாதாவின் டப்பாவில் உள்ள முட்கள் ஒரு நாள் தீர்ந்துபோகும். மாட்டத் தெரிந்த கையும் அப்படித்தான். அவர் மேஜைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் இரண்டாவது நாற்காலியில் நாங்கள் போனபோது யாரும் இல்லை. ஆகவே அலமாரியில் உறங்கும் கடிகாரத்தை 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாமல், அந்த விளக்கு எரிகிறபோதே கொண்டுபோய்க் கொடுங்கள்.