சந்திரனில் சிக்கிய துளைக் கருவி!
வயர் இல்லாத மின்சாரக் கருவிகள் கடினமான வேலையைத் தாங்குமா?

1971-ம் ஆண்டு ஜூலை மாதம் 31-ந் தேதி.

சந்திரனில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் பெயர் டேவிட் ஸ்காட். அமெரிக்க விண்வெளி வீரர். "அப்பல்லோ-15" விண்கலத்தில் போனவர்.

அவர் கையில் ஒரு கருவி இருக்கிறது. சுவரில் துளை போடுகிறோமே, அந்த ஜாதிக் கருவிதான். ஆனால் பெரியது. அதில் வயர் கிடையாது. பாட்டரியில் ஓடுவது.

வயர் இருந்து என்ன பிரயோசனம்? சந்திரனில் பிளக் சொருக இடம் ஏது!

ஸ்காட் தரையில் 2 துளைகள் போடவேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் ஆழம். அதாவது, ஒன்றரை ஆள் உயரத்துக்கு மேல். அந்தத் துளைக்குள் வெப்பமானியை இறக்கவேண்டும். சந்திரனின் உள்ளே இருந்து எவ்வளவு சூடு வெளியே வருகிறது என்று அளக்கவேண்டும். இதுதான் விஞ்ஞானிகள் கொடுத்த வேலை.

கருவி ஓடியது. துளைக்கும் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. முதலில் வேகமாக இறங்கியது. பிறகு மெதுவாக இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது!

ஸ்காட் அழுத்திப் பார்த்தார். சந்திரனில் மனிதனின் எடை பூமியில் உள்ளதில் 6-ல் ஒரு பங்குதான். எவ்வளவு அழுத்தினாலும் போதவில்லை. சுமார் 1.6 மீட்டருக்குக் கீழே குழாய் போகவில்லை. இரண்டாவது துளையிலும் இதே கதிதான்.

இதோடு கஷ்டம் தீரவில்லை. மண் மாதிரி எடுப்பதற்காக இன்னொரு நீண்ட குழாயையும் இறக்கினார்கள். அது சுமார் 2.4 மீட்டர் இறங்கியது. ஆனால் வெளியே வர மறுத்தது! மறுநாள் ஸ்காட்டும், அவருடைய தோழர் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து தூக்கினார்கள். ஸ்காட்டுக்குத் தோளில் சுளுக்கு. கடைசியில் குழாய் வந்தது. ஆனால் நேரம் போய்விட்டது. போய்ப் பார்க்கத் திட்டமிட்டிருந்த ஒரு குன்றுப் பகுதிக்குப் போகாமலே திரும்பினார்கள்.

கோடிக்கணக்கில் பணம் செலவு செய்து போன பயணம். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் தங்கம். அதை ஒரு துளை விழுங்கிவிட்டது!

குற்றவாளி யார்?

"பாட்டரியில் ஓடும் கருவி அல்லவா? சக்தி போதவில்லை" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அது இல்லை. மோட்டார் ஓடியது. பாட்டரியும் வேலை செய்தது. குற்றம் துளைக்கும் குழாயில் இருந்தது.

அந்தக் குழாய் பல துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தது. அதன் வெளிப்பக்கத்தில் திருகாணிக்கு இருப்பது போல சுற்றுப்பள்ளம் இருக்கும். குழாய் சுழலும்போது, வெட்டிய மண் அந்தப் பள்ளத்தின் வழியாக மேலே ஏறி வரவேண்டும். ஆனால், துண்டுகள் சேரும் இடத்தில் பள்ளம் அறுந்து போயிருந்தது. மேலே வந்த மண் அங்கே வந்து முட்டியது. வழி இல்லை. அப்படியே இறுகி, குழாயைக் கவ்விப் பிடித்துக்கொண்டது.

என்ஜினீயர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பள்ளம் அறுபடாமல் தொடர்ந்து வருமாறு புதுக்குழாய் செய்தார்கள். குழாயை வெளியே இழுக்க ஒரு ஜாக்கியும் கொடுத்து அனுப்பினார்கள்.

1972-ம் ஆண்டு ஏப்ரலில் "அப்பல்லோ-16" போயிற்று. சார்லஸ் டியூக் என்ற வீரர் துளை போட்டார். குழாய் சுலபமாக இறங்கியது. ஆனால் வேறொரு விபத்து! வெப்பமானியில் இருந்து போன கேபிளில் இன்னொரு வீரரான ஜான் யங்கின் கால் மாட்டிக்கொண்டது. கேபிள் பிய்ந்தது. அந்தச் சோதனையே வீணாகிவிட்டது. வயர் இல்லாத கருவி ஜெயித்தது. வயர் உள்ள கருவி தோற்றது!

அதே ஆண்டு டிசம்பரில் "அப்பல்லோ-17" போயிற்று. யூஜின் செர்னான் என்ற வீரர் 2 துளைகளையும் போட்டு முடித்தார். வெப்பமானிகள் ஒழுங்காக வேலை செய்தன.

நம் வீட்டுச் சுவரும் அப்படித்தான்

இந்தக் கதையை இப்போது ஏன் சொல்கிறோம்?

இன்று கடைகளில் வயர் இல்லாத கருவிகள் வந்து குவிந்திருக்கின்றன. துளை போடுவது, திருகாணி முடுக்குவது, மரம் அறுப்பது, கம்பி வெட்டுவது எல்லாவற்றுக்கும் இருக்கின்றன. தச்சர்கள் வாங்குகிறார்கள். எலெக்ட்ரீஷியன்கள் வாங்குகிறார்கள். வீட்டுக்காரர்களும் வாங்குகிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "கஷ்டமான வேலையை இது தாங்குமா?"

கையில் இருக்கும் காசு கொஞ்சம். தவறான கருவி வாங்கினால் கூலிக்காரருக்குப் பிழைப்பு போகும். ஆகவே, விஷயம் தெரிந்து வாங்கவேண்டும்.

யார் செய்தது?

"வயர் இல்லாத கருவியைச் சந்திரனுக்குப் போவதற்காகத்தான் கண்டுபிடித்தார்கள்" என்று பலர் சொல்வது உண்டு. அது சரியல்ல.

கையில் பிடிக்கும் மின்சாரத் துளைக் கருவி, 1895-ம் ஆண்டு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் "ஃபைன்" கம்பெனியில் பிறந்தது. கைத்துப்பாக்கி போன்ற பிடியும், விசையும் வைத்த கருவிக்கு 1917-ம் ஆண்டு அமெரிக்காவின் "பிளாக் அண்ட் டெக்கர்" கம்பெனி காப்புரிமை பெற்றது. இன்று நாம் பார்க்கும் உருவம் அதுதான்.

1961-ம் ஆண்டு அதே கம்பெனி, வயர் இல்லாத துளைக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பாட்டரி. சந்திரனுக்குப் போன கருவியின் மோட்டார் பகுதியையும் அந்தக் கம்பெனிதான் செய்தது. அது 10 ஆண்டு கழித்து நடந்த கதை.

பாட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம்?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் போடலாம்.

பாட்டரியின் மேல் 2 எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட். இன்னொன்று ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்க வேண்டும்.

18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 90. இதுதான் அதற்குள் இருக்கும் சரக்கு. 90 வாட்-மணி.

வீட்டுக்கு வரும் மின்சார பில்லில் "யூனிட்" என்று போட்டிருக்கிறதே, அந்த ஒரு யூனிட் 1,000 வாட்-மணி. அப்படியானால் இந்தப் பாட்டரியில் ஒரு யூனிட்டில் 10-ல் ஒரு பங்குகூட இல்லை!

75 வாட் மின்விசிறியை இதில் ஓட்டினால் ஒரு மணி 12 நிமிஷம் ஓடும். 900 வாட் இழுக்கும் கட்டிங் மெஷினை முழுப் பளுவில் ஓட்டினால் 6 நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

"இவ்வளவுதானா?" என்று நினைக்காதீர்கள். இன்னொரு கணக்கையும் பாருங்கள். சுவரில் ஒரு துளை போட அரை நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கருவி 500 வாட் இழுக்கிறது. ஒரு துளைக்குச் செலவு சுமார் 4 வாட்-மணிதான். ஒரே பாட்டரியில் சுமார் 20 துளைகள் போடலாம்!

சூட்சுமம் இதுதான். விட்டு விட்டுச் செய்யும் வேலை எவ்வளவு கடினமானாலும் பாட்டரி தாங்கும். விடாமல் செய்யும் வேலைக்குத்தான் அது திணறும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சில பாட்டரிகளில் "20 வோல்ட்" என்று எழுதியிருக்கும். அது 18 வோல்ட்டைவிடப் பெரியது என்று ஏமாற வேண்டாம். உள்ளே 5 செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் வீதம் 18. சார்ஜ் ஏற்றியவுடன் ஒரு செல் 4 வோல்ட் காட்டும். அதைக் கணக்கிட்டு 20 என்று போடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான்.

பலம் எப்படி வந்தது?

பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரி கனமானது. சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும். இப்போது வருவது லித்தியம்-அயான் பாட்டரி. எடை குறைவு. சக்தி அதிகம். 1991-ம் ஆண்டு ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2005-ம் ஆண்டு வாக்கில் பெரிய கருவிகளுக்குள்ளும் இது புகுந்தது. இதற்கு வழி கண்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய 3 விஞ்ஞானிகளுக்கும் 2019-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

மோட்டாரும் மாறியது. பழைய மோட்டாரில் "கார்பன் பிரஷ்" இருக்கும். உரசி உரசித் தேயும். உரசுவதில் சக்தியும் வீணாகும். புது மோட்டாரில் பிரஷ் கிடையாது. மின்னணு சர்க்யூட் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் அதே பாட்டரி அதிக நேரம் உழைக்கிறது.

உயிர் காக்கும் வேலை

சாலையில் கார்கள் மோதிக்கொள்கின்றன. உள்ளே மனிதர் நசுங்கிக் கிடக்கிறார். கதவு திறக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் தகட்டை வெட்டி அவரை வெளியே எடுக்க வேண்டும்.

முன்பு இதற்கு ஒரு என்ஜின் வேண்டும். அதில் இருந்து நீண்ட ரப்பர் குழாய் வரவேண்டும். இப்போது பல நாடுகளில் பாட்டரியில் ஓடும் வெட்டும் கருவிகளைத் தீயணைப்பு வீரர்கள் வைத்திருக்கிறார்கள். வண்டியில் இருந்து எடுத்தார்கள், ஓடினார்கள், வெட்டினார்கள். இரும்பை வெட்டுவதைவிடக் கடினமான வேலை உண்டா? ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் சில விநாடிகள்தான். அதனால் பாட்டரி போதும்.

எந்த வேலைக்கு எது?

திருகாணி முடுக்குவது, மரத்தில் துளை போடுவது, கார் சக்கரத்தின் நட்டைக் கழற்றுவது, மரக்கிளை அறுப்பது: இதற்கெல்லாம் வயர் இல்லாத கருவி தாராளமாகப் போதும்.

கான்கிரீட்டில் துளை போடவேண்டுமா? சாதாரண டிரில் வேண்டாம். "ரோட்டரி ஹாமர்" வாங்குங்கள். அதன் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, சுத்தியல் போல அடிக்கிறது. நாம் முட்டி மோதித் தள்ள வேண்டியதில்லை.

நாள் முழுவதும் கான்கிரீட்டை உடைப்பது, மணிக்கணக்கில் கல் அறுப்பது, கம்பி வெட்டுவது: இந்த வேலைக்கு வயர் உள்ள மெஷினே சிக்கனம். வயர் இல்லாததுதான் வேண்டும் என்றால், 3, 4 பாட்டரிகள் கையில் இருக்கவேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஜாக்கிரதை!

வயர் இல்லை என்பதால் ஷாக் அடிக்காது என்று எண்ணாதீர்கள். சுவருக்குள் மின்சார வயர் ஓடுகிறது. பிட் அதில் பட்டால் ஆபத்து! சுவிட்சுக்கு நேர் மேலேயும், நேர் கீழேயும் துளை போடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். வயர் இல்லாத கருவிக்கு அதுதான் வசதி ஆயிற்றே!

பிட் சிக்கினால் கருவி கையை முறுக்கிவிடும். பக்கவாட்டுப் பிடியை மாட்டி, இரண்டு கைகளாலும் பிடியுங்கள்.

பிட் மாற்றும் முன் பாட்டரியைக் கழற்றுங்கள்.

கான்கிரீட் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முகமூடி போடுங்கள். கண்ணாடி அணியுங்கள்.

வேலை செய்து சூடான பாட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். ஆறவிடுங்கள். மெத்தை, துணி பக்கத்தில் வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். அடிபட்டு வீங்கிய பாட்டரியைத் தொடர்ந்து உபயோகிக்காதீர்கள்.

கடைசியாக, சந்திரன் கற்றுக் கொடுத்த பாடம். துளை போடும்போது கருவி திணறுகிறதா? பாட்டரியைத் திட்டாதீர்கள். இன்னும் அழுத்தவும் செய்யாதீர்கள். பிட்டை வெளியே எடுங்கள். முனை மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் அடைத்திருக்கும் தூளைத் தட்டிவிடுங்கள். துளையில் உள்ள தூளையும் வெளியேற்றுங்கள். மறுபடி வையுங்கள். சுலபமாக இறங்கும்.

ஸ்காட்டுக்கு அந்த வசதி இல்லை. கடையும் இல்லை, மாற்றுப் பிட்டும் இல்லை. நமக்கு இருக்கிறது!