தண்ணீர் குடிக்கும் அட்டை

குளிர்ந்த பானம் நிறைந்த கண்ணாடிக் குவளையை மேசையில் வைத்தால் சில நிமிடங்களில் அதன் வெளிப்புறம் வியர்த்துவிடும். அந்த நீர் உள்ளிருந்து கசிந்ததல்ல, சுற்றியுள்ள காற்றில் ஆவியாக இருந்தது. காற்றின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் ஆவி நீராகப் படியும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இது அன்றாட நிலை. ஜெர்மனியின் கோடைக்காற்று இவ்வளவு ஈரமானதில்லை. ஆனால் பீர் நன்றாகக் குளிர்ந்து வருவதால் அங்கேயும் குவளை வியர்க்கத்தான் செய்யும். வழிந்து அடியில் சேரும் அந்த நீரை என்ன செய்வது? எனக்குத் தெரிந்தவரை இதற்குக் கிடைத்த நல்ல விடை, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பிறந்த, குவளைக்கு அடியில் வைக்கும் மரக்கூழ் அட்டையான கோஸ்டர்தான்.

இன்று கோஸ்டர் என்ற பெயரில் பிளாஸ்டிக், மரம், தக்கை, சிலிக்கோன், கல் என எல்லாமே மொத்த விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றில் பல நீரைத் தாங்குமே தவிர உறிஞ்சாது. வழவழப்பான தட்டில் நீர் குட்டையாக நிற்கும். குவளையைத் தூக்கினால் நடுவிலுள்ள நீர்ப்படலம் தட்டையும் சேர்த்து மேலே இழுத்து, பாதி வழியில் கைவிடும். குடிப்பவர் சட்டையில் சொட்டும். மேசையைக் காப்பது பாதி வேலைதான், நீரை உள்ளே வாங்கிக்கொள்வது மீதிப் பாதி.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பீர்த் தோட்டங்களில் வசதியுள்ளவர்களின் குவளைக்கு வெள்ளீய மூடி இருந்தது. மற்றவர்கள் இலையும் பூச்சியும் விழாமல் கம்பளி ஃபெல்ட் வட்டத்தால் மூடிக்கொண்டார்கள். அதே ஃபெல்ட்தான் குவளைக்கு அடியிலும் போகும். நனைந்ததைக் காயவைத்து மறுநாள் இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். நாற்றமும் கிருமியும் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1880இல் மாக்டபுர்க் அருகே புக்காவில் ஃபிரீட்ரிஷ் ஹோர்னின் அச்சகம் அட்டையில் வெட்டிய கோஸ்டர்களை அச்சிட்டது. 1892இல் டிரெஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் ஸ்புட் மரக்கூழிலிருந்தே வட்டம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கூழை வட்ட அச்சுகளில் ஊற்றி, இரவு முழுக்க உலரவிடுவார். 107 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் தடிமன். தடிமன் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. 107 மில்லிமீட்டர் மட்டும் ஜெர்மனியில் இன்றும் வழக்கமான அளவாக நீடிக்கிறது.

ஸ்புட்டின் வேலைக்கு அடித்தளம் போட்டவர் இன்னொரு சாக்சனிக்காரர். நெசவாளர் ஃபிரீட்ரிஷ் கோட்லோப் கெல்லர் 1840களில் மரக்கட்டையைச் சுழலும் சாணைக்கல்லில் அழுத்தித் தேய்த்து, நீரோடு சேர்த்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். இந்தக் கூழில் ரசாயனம் இல்லை. அதனால் மரநார்களை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுகிறது. எழுதும் தாளுக்கு இது குறைதான், ஏனென்றால் லிக்னின் உள்ள தாள் வெயில் பட்டால் மஞ்சளாகும். கோஸ்டருக்கோ அதுவே பலம். லிக்னின் உள்ள நார் விறைப்பானது, அட்டையாக அழுத்தினாலும் முழுவதும் நசுங்காது. நார்களுக்கிடையே நுண்ணிய வெற்றிடங்கள் மிஞ்சும், நுண்துளை ஈர்ப்பால் நீர் அவற்றுக்குள் ஏறும். எழுதும் தாளில் மை பரவாமலிருக்கப் பசை சேர்ப்பார்கள். கோஸ்டர் அட்டையில் அதைத் தவிர்க்கிறார்கள்.

ஒரு நல்ல அட்டையின் மேல் ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். துளி ஒரு கணம் முத்தாக நிற்கும், பிறகு விளிம்பு கரைந்து தட்டையாகி, கருத்த வட்டமாக உள்ளே இறங்கிவிடும். விரலால் தடவினால் அந்த இடம் இலேசாக உப்பியிருக்கும், அடிப்பக்கம் காய்ந்தே இருக்கும்.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் முர்க் ஆற்றங்கரையிலுள்ள வைசன்பாஹ் ஊர் இந்தக் கோஸ்டர் தொழிலின் தலைநகரம். அங்குள்ள காட்ஸ் நிறுவனம் 1716இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது. ஸ்புரூஸ், பைன் மரங்கள் பக்கத்திலேயே கிடைப்பதால் கூழுக்கு நகர்ந்தது இயல்பு.

ஜெர்மன் மதுக்கூடத்தில் இந்த அட்டை கணக்குப் புத்தகமும் கூட. கொலோனில் 0.2 லிட்டர் குவளையில் பீர் ஊற்றும் பரிசாரகர், ஒவ்வொரு குவளைக்கும் அட்டை ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையைக் குவளைமேல் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும். அந்தக் கோடுகள் சட்டப்படி ஆவணம். ஒன்றை அழித்தால் ஆவண மோசடி என்று ஜெர்மன் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

இந்த அட்டையை வீசி விளையாடாதவர்களும் குறைவு. 2021இல் பான் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இயந்திரம் கட்டி அட்டைகளை வீசி, வேகக் கேமராவில் படமெடுத்தார்கள். எப்படி வீசினாலும் அரை நொடிக்குள் அது புரண்டு செங்குத்தாகிவிடுகிறது. காற்றின் தூக்குவிசை அட்டையின் நடுவில் அல்லாமல் முன்பகுதியில் செயல்படுவதே காரணம். அது முன்விளிம்பை உயர்த்தப் பார்க்கிறது; அட்டை சுழன்றுகொண்டிருப்பதால் பம்பரம்போல் பக்கவாட்டில் சாய்கிறது.

மொத்தமாக வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம் லேமினேஷன். பளபளப்பாகத் தெரிகிறது என்று அச்சகம் அதைப் பரிந்துரைக்கும். ஏற்காதீர்கள், அட்டையின் வாயை அடைக்கும் வேலை அது. மேற்பூச்சுள்ள ஆர்ட் கார்டும் அப்படியே. கூழ் அட்டை மாதிரி கேட்டு, மேலே சொன்ன துளிச் சோதனையைச் செய்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். தடிமன் 1.4 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் ஒரு குளிர்பானத்துக்குத் தாராளம். அச்சிடும் பிளேட்டும் வெட்டும் டையும் செய்யும் செலவு ஆயிரம் எண்ணத்துக்கும் பத்தாயிரத்துக்கும் ஒன்றே. எண்ணிக்கை கூடக் கூட ஒன்றின் விலை சரிவது இதனால்தான். வட்டங்களை நேர்வரிசையில் அடுக்கி வெட்டினால் அட்டையில் 21 சதவீதத்துக்கு மேல் ஓரக் கழிவாகப் போகும், சதுரத்தில் கழிவு மிகக் குறைவு.

சூடான காபிக்கு என்றால் தக்கை பொருத்தம். அதன் மூடிய செல்களில் காற்று இருப்பதால் வெப்பம் மேசைக்கு இறங்காது, ஆனால் நீரையும் உறிஞ்சாது. டயட்டம் மண்ணில் செய்த கோஸ்டர் நன்றாகவே உறிஞ்சும். அதற்கு ஆய்வகச் சான்றிதழைக் கட்டாயம் கேளுங்கள். 2020இல் ஜப்பானில் இவ்வகைக் கோஸ்டர்களிலும் குளியலறை விரிப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது தெரிந்து, விற்றவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது.

கூழ் அட்டை வந்து சேர்ந்ததும் கட்டுகளைப் பிரிக்காமல், தரையில் படாமல், படுக்கைவாட்டில் அடுக்கி வையுங்கள். பிரித்துவிட்டால் மழைக்காலக் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு சுருளத் தொடங்கும். தேவைக்கேற்ப ஒவ்வொரு கட்டாகப் பிரித்தால் போதும்.