குளிசையும் பதகளிப்பும்: தைரொயிட் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் அறிய வேண்டியவை

இலங்கையில் பெண்களைப் பாதிக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் தைரொயிட் புற்றுநோயையே தேசிய புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சுரப்பியில் தோன்றும் இந்நோயின் மிகப் பொதுவான வகை மெதுவாக வளர்வதாலும், அறுவைச் சிகிச்சைக்கும் தேவைப்படின் கதிரியக்க அயடீன் சிகிச்சைக்கும் நன்கு இணங்குவதாலும், நோயாளர்களில் மிகப் பெரும்பாலானோர் நீண்ட காலம் வாழ்கின்றனர். "நல்ல புற்றுநோய்" என்று ஆறுதல் கூறும் வழக்கம் இதிலிருந்தே பிறந்தது. ஆயினும் அந்த ஆறுதலே சில வேளைகளில் நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது; சிகிச்சை முடிந்த பின்னர் தொடங்கும் நெஞ்சுப் படபடப்பையும் உறக்கமின்மையையும் கைநடுக்கத்தையும் இனந்தெரியாத அச்சத்தையும் எவரிடம் சொல்வது என்று தெரியாமல் அவர் மௌனமாகிறார்.

இந்த மெய்ப்பாடுகள் இரு ஊற்றுகளிலிருந்து வரக்கூடும். ஒன்று, வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய ஓமோன் குளிசையின் அளவு. மற்றொன்று, நோய் மீண்டும் வருமோ என்ற பதகளிப்பு, அதாவது உடலிலும் மனத்திலும் ஒருங்கே வெளிப்படும் நீடித்த அச்சநிலை. குளிசையால் வந்ததை மனப்பயம் என்று ஒதுக்குவதும், மனப்பயத்தால் வந்ததைக் குளிசையின் குற்றம் என்று கருதி மருந்தைத் தாமே நிறுத்துவதும் ஒரே அளவில் தீங்கானவை.

குளிசையின் அளவும் அதன் இலக்கும்

சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவரின் உடல் தைரொட்சின் ஓமோனைத் தானாக ஆக்க இயலாது என்பதால், அதே ஓமோன் லீவோதைரொட்சின் என்ற குளிசையாக நாள்தோறும் வழங்கப்படுகிறது. முழு ஈடுசெய்தலுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவை என்பது பொதுக் கணக்கு. அதன்படி 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் அளவில் தேவைப்படும். இந்த அளவு சரியா என்பதை டி.எஸ்.எச். என்ற ஓமோனை அளக்கும் இரத்தப் பரிசோதனை காட்டுகிறது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி சுரக்கும் இந்த ஓமோன், தைரொட்சின் குறையும்போது உயர்கிறது. தைரொட்சின் மிகும்போது தாழ்கிறது.

ஏனைய தைரொயிட் நோயாளர்களுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இங்கேயே தோன்றுகிறது. டி.எஸ்.எச். எஞ்சியுள்ள புற்றுநோய்க் கலங்களையும் வளரத் தூண்டக்கூடும் என்பதால், மீள்வருகைக்கான இடர் மிக்கவர்களில் அதனை வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கின்றனர். 2015ஆம் ஆண்டின் அமெரிக்க தைரொயிட் சங்க வழிகாட்டல்கள், ஆரம்பக் கட்டத்தில் உயர் இடருடையவர்களுக்கு லீற்றருக்கு 0.1 மில்லி அலகுக்குக் கீழும், இடைநிலை இடருடையவர்களுக்கு 0.1 முதல் 0.5 வரையும், நோயின் சுவடு எஞ்சாத குறைந்த இடருடையவர்களுக்கு 0.5 முதல் 2 வரையும் இலக்குகளை முன்வைத்தன. இவ்விலக்கு நிலையானதன்று; ஆண்டுகள் செல்லச் செல்ல, நோய் திரும்பாதிருப்பது உறுதியாகும்போது, தளர்த்தப்பட வேண்டியது. தளர்த்தப்படாமல் பழைய அளவே தொடருமாயின், ஓமோன் மிகையால் சீரற்ற இதயத் துடிப்பும், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களில் எலும்புத் தேய்வும் ஏற்படும் ஆபத்து உண்டு.

ஒரே மெய்ப்பாடு, வேறு காரணங்கள்

ஓய்வாக இருக்கும்போதும் நாடி வேகமாக ஓடுதல், வெப்பத்தைத் தாங்க இயலாமை, நீட்டிய விரல்களில் மெல்லிய நடுக்கம், உணவு குறையாதபோதும் நிறை குறைதல், அடிக்கடி மலம் கழிதல் ஆகியவை சேர்ந்து நிற்குமாயின் குளிசை மிகையாக இருக்கலாம். நிகழ்வொன்றை ஒட்டி, உதாரணமாகப் பரிசோதனை முடிவு வரும் வாரத்தில், திடீரென எழுந்து சில நிமிடங்களில் உச்சமடைந்து தணியும் படபடப்பு பதகளிப்பின் பக்கம் சாய்கிறது. இருப்பினும் இந்த அடையாளங்களை மட்டும் கொண்டு எவரும் முடிவுசெய்ய இயலாது. இரத்தப் பரிசோதனையே நடுவர். காலையில் எழுமுன், படுக்கையிலிருந்தவாறே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடத்துக்கு நாடியை எண்ணி, ஒரு வாரம் கிளினிக் கொப்பியின் ஓரத்தில் குறித்து வைப்பது வைத்தியருக்குப் பெரிதும் உதவும். உறக்கத்துக்குப் பின்னரும் நாடி வேகமாகவே இருப்பது, அச்சத்தை விட ஓமோனை ஐயுறச் செய்யும்.

மூன்றாவது காரணமொன்றும் உண்டு. தைரொயிட் சுரப்பியின் பின்புறம் ஒட்டியுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் அறுவைச் சிகிச்சையில் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கல்சியம் குறைகிறது. அப்போது உதடுகளைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் விறைப்பும் கூச்சமும் தோன்றுவதோடு, காரணமற்ற மனக்கலக்கமும் எழலாம். கைகால் தசைகள் இழுத்துப் பிடிக்குமளவுக்குச் சென்றால் அது உடனடிச் சிகிச்சைக்குரியது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒழுங்கற்ற வேகத் துடிப்பு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். இந்நிலைகளில் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும்.

விடியற்காலைத் தேநீரும் குளிசையும்

தைரொட்சின் வெறும் வயிற்றில், வெறும் நீருடன், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் உட்கொள்ளப்பட வேண்டியது. திருகோணமலை, கின்னியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் விடியுமுன் கடலுக்குச் செல்வோருக்கும், அவர்களை அனுப்பிவைக்க எழுவோருக்கும் நாளின் முதல் வேலை பால்தேநீர் என்பதால், குளிசையும் அதே மிடறுடன் இறங்கிவிடுவதுண்டு. பாலும் தேநீரும் குடலில் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். ஒருநாள் வெறும் நீருடனும் மறுநாள் பால்தேநீருடனும் உட்கொள்பவரின் ஓமோன் அளவு ஏறி இறங்க, அதற்கேற்பக் குளிசையின் அளவும் காரணமின்றி மாற்றப்படலாம். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கும் தைரொட்சினுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரைப்பை அமிலத்துக்கான மருந்துகளை உட்கொள்வோர் அதனையும் வைத்தியரிடம் கூற வேண்டும்.

காலை இயலாதெனின், கடைசி உணவுக்கு மூன்று மணி நேரத்தின் பின் படுக்கைக்குச் செல்லும்போது உட்கொள்வது ஏற்கப்பட்ட மாற்று வழியாகும். றமழான் நோன்பு நோற்பவர்களுக்கும் இவ்வழி பொருத்தமானது. எவ்வேளையாயினும் நாள்தோறும் ஒரே வேளையாக இருத்தலே முதன்மையானது. இம்மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆவதால், ஒருநாள் தவறியதற்காகக் கலங்க வேண்டியதில்லை. அதே காரணத்தால், அளவை மாற்றியதன் விளைவை ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின்னரே பரிசோதித்து அறிய முடியும்.

மருந்தகத்தில் இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். 100 மைக்ரோகிராம் என்பது 0.1 மில்லிகிராம்; வைத்தியரின் துண்டில் ஒரு முறையிலும் குளிசை அட்டையில் மற்றொரு முறையிலும் எழுதப்பட்டிருக்கும்போது தசமப்புள்ளி தவறுவது பெருந்தவறாகும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. உற்பத்தி நிறுவனம் மாறினால் அதனைக் கொப்பியில் குறித்து, அடுத்த பரிசோதனையின்போது தெரிவிக்க வேண்டும். கோடை நாட்களில் 30 பாகை செல்சியசைத் தாண்டும் திருகோணமலை மாவட்டத்தில், குளிசைகளை அவற்றின் அட்டையிலேயே, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். சமையலறை யன்னலோரமும் வள்ளத்திலுள்ள பெட்டியும் அதற்கு உகந்தவையல்ல.

கருத்தரித்த பெண்களுக்குத் தைரொட்சினின் தேவை ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை கூடுவதால், கருவுற்றது தெரிந்த வாரத்திலேயே வைத்தியரை அணுகுவது அவசியம். கதிரியக்க அயடீன் பெற்ற பெண்கள் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குக் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

மீன், உப்பு, ஒதுக்கம்

கதிரியக்க அயடீன் சிகிச்சைக்கு முன் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் அயடீன் குறைந்த உணவு கூறப்படுவதுண்டு. கடல் மீன், இறால், கருவாடு, அயடீன் சேர்த்த உப்பு ஆகியவை அக்காலத்தில் தவிர்க்கப்பட வேண்டியவை. துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பங்களில் இக்கட்டுப்பாடு வாழ்நாள் விலக்காகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம். சிகிச்சை முடிந்து வைத்தியர் அனுமதித்த பின் வழமையான மீன் உணவுக்குத் தடையில்லை.

அச்சிகிச்சைக்காகத் தைரொட்சினை மூன்று நான்கு வாரங்கள் நிறுத்தும் முறையில், உடல் தளர்ந்து, சிந்தனை மந்தமாகி, மனம் சோர்வது இயல்பு. அது ஓமோன் குறைவின் விளைவு என்பதையும், குளிசை மீண்டும் தொடங்கியபின் படிப்படியாக நீங்கும் என்பதையும் குடும்பத்தினர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அவ்வாரங்களில் வாகனம் செலுத்துவதும் தனியே கடலுக்குச் செல்வதும் பாதுகாப்பற்றவை. சிகிச்சையின் பின் சிறுவர்களிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்குமாறு கூறப்படுவது குறிப்பிட்ட சில நாட்களுக்கே. அயடீன்-131இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், எட்டு நாட்கள் மட்டுமே. மாதங்கள் கடந்த பின்னும் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்குவதற்கு அறிவியல் அடிப்படை எதுவுமில்லை. அவ்வொதுக்கம் பதகளிப்பை வளர்ப்பதன்றி வேறொன்றும் செய்யாது.

அச்சத்துக்கும் சிகிச்சை உண்டு

டி.எஸ்.எச். இலக்கினுள் இருந்தும் படபடப்பு நீடிக்குமாயின், அது கற்பனை என்று பொருளன்று; அதற்கு வேறு சிகிச்சை தேவை என்றே பொருள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2009 வரை நீடித்த போரையும் கண்ட ஒரு மாவட்டத்தில், திடீரெனப் படபடக்கும் நெஞ்சு பழைய நினைவுகளையும் கிளறிவிடக்கூடும் என்பதை வைத்தியர்களும் கருத்திற்கொள்ள வேண்டும். அச்சமூட்டும் எண்ணங்களை இனங்கண்டு சோதித்துப் பார்க்கப் பழக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சை, உளவளத்துணை, மூச்சுப் பயிற்சி, தேவைப்படின் மருந்து ஆகியவை பயன் தருவன. மருந்து தொடங்கும்போது தைரொட்சின் உட்கொள்வதைக் கூற வேண்டும். உதாரணமாக, சேர்த்ரலின் என்ற மருந்து தைரொட்சினின் தேவையைக் கூட்டக்கூடும். படபடப்பைத் தணிக்கும் புரோப்பிரனலோல் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. வைத்தியரின் துண்டின்றி வாங்கும் தூக்கக் குளிசைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடியவை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசிச் சேவையை எவரும் நாடலாம்.

உரிமைகளும் பரிகாரங்களும்

அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சையும் தொடர் கிளினிக்கும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. கதிரியக்க அயடீனுக்காகத் திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மகரகம அபேக்ஷா வைத்தியசாலை வரை செல்ல நேர்ந்தவர், ஒவ்வொரு குளிசை மாற்றத்துக்கும் அங்கேயே செல்ல வேண்டும் என்பதில்லை. டி.எஸ்.எச். இலக்கு எழுதப்பட்ட கடிதமொன்று இருப்பின், திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கிலேயே அளவைச் சீர்செய்யலாமா என்று நோயாளி கேட்டறியலாம். தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி என்பதால், தமக்குரிய அறிவுறுத்தல்களைத் தமிழில் கோருவது சலுகை வேண்டுதலன்று. மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியதைப் பலரும் அறிவர். அத்தகைய வேளையில் குளிசையைப் பாதியாக்கி நாட்களை நீட்டுவதை விட, கையிருப்பு முடிவதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே கிளினிக்கில் கேட்டு, மாற்று உற்பத்தியைப் பெறுவதே பாதுகாப்பானது. மருந்தின் தரம் பற்றிய ஐயங்களை, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்குத் தெரிவிக்கலாம். அதற்காகக் குளிசை அட்டையையும் தொகுதி இலக்கத்தையும் எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும். மருந்து இல்லை என்ற பதிலுக்குக் காரணம் அறிய விரும்புவோர், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்; உயிருடன் தொடர்புடைய கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதிலளிக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. பாகுபாடு காட்டப்பட்டதாகக் கருதுவோர் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவை அணுகலாம். பயணச் செலவும் வருமான இழப்பும் தாங்க இயலாதவர்கள், சமூக சேவை உதவிகள் பற்றியும் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றியும் தமது பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

இவை அனைத்திலும் செலவற்றதும் எளியதுமான பரிகாரம் ஒரு வரியில் அடங்குகிறது. அடுத்த கிளினிக்கில், "எனது டி.எஸ்.எச். எந்த அளவில் இருக்க வேண்டும், ஏன்?" என்று நோயாளி கேட்டு, விடையைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதித் தருமாறு கோருவாராயின், அதன் பின்னர் நெஞ்சு படபடக்கும் ஒவ்வொரு இரவிலும் அவரிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் எண் இருக்கும்; குளிசையைக் குறைப்பதா, அச்சத்துக்குச் சிகிச்சை தேடுவதா என்ற கேள்வி வைத்தியரிடம் போகும்போது, நோயாளி வெறும் முறைப்பாட்டுடன் அன்றிச் சான்றுடன் செல்வார்.