ஆறு வருடம் படிக்கலாம், உட்கார நாற்காலி?

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட வைக்கும் ஃபார்ம்.டி. பட்டம் பிளஸ் டூ மாணவர்களை இழுக்கிறது. சேரும் முன் பார்க்க வேண்டியது கல்லூரிக் கட்டடத்தை அல்ல, அதன் மருத்துவமனையை.

காலை 9 மணி. பொது மருத்துவ வார்டில் ரவுண்ட்ஸ் தொடங்குகிறது. முன்னால் பேராசிரியர், பின்னால் முதுநிலை மாணவர்கள், அடுத்து பயிற்சி டாக்டர்கள், கேஸ் ஷீட்டுடன் நர்ஸ். ஊர்வலத்தின் வாலில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாத சில வெள்ளைக் கோட்டுகள். கையில் ஒரு குறிப்பு நோட்டு. நோயாளிகளுக்கு அவர்களும் 'டாக்டர்'தான். உண்மையில் அவர்கள் ஃபார்ம்.டி. மாணவர்கள்.

அவர்கள் கவனிப்பது மருந்தை. இதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடும் ஒருவர், மூட்டுவலிக்காகத் தெருமுனைக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம். அவரே திடீரென்று தினமும் கீரையாகச் சாப்பிட ஆரம்பித்தால் மருந்தின் வேகம் குறைந்து ரத்தம் உறையலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பல மருந்துகளின் அளவைக் குறைத்தாக வேண்டும். நிரம்பி வழியும் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு, வீட்டில் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்க நேரம் இருப்பதில்லை. அதை விசாரிக்கவே உருவானது இந்தப் படிப்பு.

ஆனால் படிப்பு முடிந்ததும் அந்த மாணவர் வார்டிலேயே தொடர்வார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கம்பவுண்டர் காலம் முதல்

இந்தியாவில் ஃபார்மசி பல்கலைக்கழகப் படிப்பாக மாறியது 1932இல், காசி இந்து பல்கலைக்கழகத்தில். அதற்கு வித்திட்டவர் மகாதேவ லால் ஷ்ராஃப். அதுவரை டாக்டரின் சீட்டைப் பார்த்து மிக்சர் கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர்தான் மக்கள் அறிந்த மருந்தாளுநர். 1948இல் வந்த ஃபார்மசி சட்டம் இந்தத் தொழிலுக்குப் பதிவையும் தகுதியையும் விதித்தது. அதன் பிறகும் படிப்பின் பார்வை மருந்துத் தொழிற்சாலையின் மீதே இருந்தது. பி.ஃபார்ம். படித்தவருக்கு மாத்திரை செய்யத் தெரியும். அதை விழுங்குகிற மனிதரை அவர் பார்த்ததில்லை.

1990களின் பிற்பாதியில் மைசூரிலும் ஊட்டியிலும் முதுநிலை மாணவர்கள் வார்டுக்குள் அனுப்பப்பட்டபோது இந்த நிலை மாறத் தொடங்கியது. வெளியிலிருந்தும் ஒரு நெருக்கடி வந்தது. 2003 முதல் பட்டம் பெறுவோர் அமெரிக்காவில் மருந்தாளுநர் உரிமத்துக்கு முயல வேண்டுமானால் ஐந்தாண்டுப் படிப்பு தேவை என்ற நிபந்தனை அது. நான்கு ஆண்டு பி.ஃபார்ம். படித்தவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. இந்திய ஃபார்மசி கவுன்சில் 2008இல் ஃபார்ம்.டி. விதிமுறைகளை வெளியிட்டது.

நுழைவது எளிது

விண்ணப்பிக்கும் தகுதி சிக்கலானதல்ல. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் கணிதம் அல்லது உயிரியல் படித்திருக்க வேண்டும். டி.ஃபார்ம். முடித்தவர்களும் சேரலாம். 'நீட்' மதிப்பெண் கட்டாயமில்லை, எம்.பி.பி.எஸ். கைநழுவிய பலரின் கண் இந்தப் பக்கம் திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். சேர்க்கை முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 'எப்செட்', கர்நாடகத்தில் 'சி.இ.டி.' என்று பொது நுழைவுத் தேர்வுகள் உண்டு.

உள்ளே போனபின் விஷயம் எளிதல்ல. ஐந்து ஆண்டு படிப்பு, ஆறாவது ஆண்டு இன்டர்ன்ஷிப். முதல் ஆண்டில் உடற்கூறியல், உயிர் வேதியியல், கரிம வேதியியல். நான்காம் ஆண்டில் கிளினிக்கல் ஃபார்மசி, நச்சியல், புள்ளியியல். ஐந்தாம் ஆண்டில் மருத்துவமனையில் ஆறு மாத ஆய்வுத் திட்டம். இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவம். மீதி ஆறு மாதம், மூன்று சிறப்புத் துறைகளில் இரண்டு இரண்டு மாதங்கள். பி.ஃபார்ம். முடித்தவர்களுக்கு இதே பட்டத்துக்கு மூன்றாண்டு வழியும் உண்டு.

யாருடைய இடம்?

இத்தனையும் முடித்து மாநில ஃபார்மசி கவுன்சிலில் பதிவு செய்யும்போது ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. இரண்டாண்டு டிப்ளமோ படித்தவரும் ஆறாண்டு ஃபார்ம்.டி. படித்தவரும் ஏறுவது ஒரே பதிவேட்டில். பல மாநிலங்களில் அரசு மருத்துவமனை மருந்தாளுநர் வேலைக்கு அடிப்படைத் தகுதி டிப்ளமோதான். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளலாம் என்று கவுன்சில் 2012இல் தெளிவுபடுத்தியது. அந்த அடைமொழி மருந்துச் சீட்டு எழுதும் அதிகாரத்தைத் தரவில்லை. வார்டில் ஒரு பதவியையும் தரவில்லை.

2015இல் வந்த மருந்தாளுநர் தொழில் விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக்கின. 2021இல் வந்த திருத்தம் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் என்ற பணியை வரையறுத்தது. ஆனால் வரையறை என்பது வேலை நியமன ஆணை அல்ல. சம்பளப் பட்டியலில் அந்தப் பதவியைச் சேர்க்க வேண்டியவை மாநில அரசுகளும் தனியார் மருத்துவமனைகளும்தான்.

எனவே பட்டதாரிகளில் பலர் வார்டை விட்டு கம்ப்யூட்டர் திரைக்கு நகர்கிறார்கள். ஐதராபாத், பெங்களூரு போன்ற நகரங்களில் உள்ள நிறுவனங்களில், உலகின் ஏதோ ஒரு மூலையில் யாருக்கோ ஏற்பட்ட பக்கவிளைவைப் பதிவு செய்யும் வேலை. அதுவும் தேவையான வேலைதான். 2010இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்து கண்காணிப்புத் திட்டமும் மருத்துவக் கல்லூரிகளில் மையங்கள் அமைத்து இதைத்தான் செய்கிறது. ஆனால் படுக்கையருகே நின்று பழகிய கண்ணுக்கு அங்கே நோயாளி இல்லை. அவருடைய வரிசை எண் மட்டுமே இருக்கிறது.

இடையில் கல்லூரிகள் பெருகின. காளான் போல முளைக்கிறது என்று கவலைப்பட்ட கவுன்சில், 2020-21 கல்வியாண்டு முதல் ஐந்தாண்டுகளுக்குப் புதிய கல்லூரிகள் வேண்டாம் என்று 2019இல் முடிவெடுத்தது. வெறும் நிர்வாகத் தீர்மானத்தால் அப்படித் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறிவிட்டது. அணை உடைந்தது. சீட்டுகளை உருவாக்க ஒரு கட்டடம் போதும். வேலைகளை உருவாக்க அது போதாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோர் இரண்டு விஷயங்களை விசாரித்தாக வேண்டும். ஃபார்மசி சட்டத்தின் 12ஆவது பிரிவின் கீழ் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் பட்டம் சட்டகத்துக்குள் தொங்கும், பதிவேட்டில் ஏறாது. அடுத்தது மருத்துவமனை. 300 படுக்கைகள் உள்ள மருத்துவமனை சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ இருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தால் போதாது. நான்காம் ஆண்டு மாணவர்கள் நிஜமாகவே வார்டுக்குப் போகிறார்களா, அவர்கள் சுட்டிக்காட்டும் தவறை டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்பதைச் சீனியர் மாணவர்களிடம் அரை மணி நேரம் பேசினால் தெரிந்துவிடும்.

வார்ஃபரின் சாப்பிடும் அந்த நோயாளி நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகிறார். பையில் ஏழு மாத்திரை அட்டைகள். எதை எதனுடன் சேர்க்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த மாணவர் வார்டில்தான் நிற்கிறார். அடுத்த ஆண்டு அவருடைய இன்டர்ன்ஷிப் முடிகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் சம்பளத்துடன் ஒருவர் நிற்பாரா என்பதற்கு நோயாளியின் பையில் பதில் இல்லை. மருத்துவமனையின் பட்ஜெட்டில்தான் இருக்கிறது.